கணிப்பொறிக்குள் ஒரு துபாஷி

தமிழ்த்துறை வெளியிடும் மலரில் கணிப்பொறியின் வலைப்பின்னல் அட்டையைப் பற்றி எழுதுவது பொருந்துமா என்னும் வினா எழக்கூடும். பொருந்தும் என்றே நாம் கருதுகிறோம். ஒருவர் ஒரு மொழியில் சொன்னதை, பொருள் கெடாமல் மற்றொரு மொழியில் எடுத்துரைப்பது எத்துணை அரிய பணி என்பதை மொழித்துறையினர் நன்கறிவர். அப்பணியையே நாள் முழுதும், நொடிக்குப் பல்லாயிரம் முறை செய்துகொண்டிருக்கும் சிறு செயல்நிரல் ஒன்று ஒவ்வொரு கணிப்பொறிக்குள்ளும் இருக்கிறது. ஆங்கிலத்தார் அதனை டிரைவர் என்பர். தமிழில் இயக்கி என்று வழங்குகிறோம். அந்த இயக்கியை அறிந்து, அதனைச் சீர்செய்யும் திறம் நம் மாணவர்க்கு வாய்க்க வேண்டும் என்பதும், அதற்கு நம் கணிப்பொறிக் கூடங்களின் பூட்டு சற்றே திறக்கப்பட வேண்டும் என்பதும் நாம் இங்கு முன்வைக்கும் கருத்து.

விழுப்புரத்தையும் திண்டிவனத்தையும் எடுத்துக்கொள்வோம். நம் மாணவர் பலர் அப்பகுதியினின்று வருபவர். படிப்பு முடிந்ததும் சென்னைக்கோ வளைகுடா நாடுகளுக்கோ வேலை தேடிச் செல்பவர். சென்னையிலிருந்து தெற்கே செல்லும் நெடுஞ்சாலையும் இருப்புப்பாதையும் இவ்விரு ஊர்களின் வழியாகவே செல்கின்றன. விழுப்புரத்தில் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரியும், திண்டிவனத்தில் திரு. ஆ. கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரியும், இரண்டு ஊர்களிலும் பல்கலைக்கழகப் பொறியியற் கல்லூரிகளும் உள்ளன. ஊராட்சிகள்தோறும் கண்ணாடி இழையைக் கொண்டு செல்லும் பாரத்நெட் திட்டமும் வந்துவிட்டது. எனினும் கணிப்பொறிக் கூடம் உள்ள எந்த ஊரிலும் ஒரு முறையீடு மட்டும் ஓய்வதில்லை: நெட் மெதுவாக வருகிறது என்பதே அது. உடனே கூடுதல் வேகத்துக்குக் கூடுதல் கட்டணம் கட்டுவது, அல்லது பழைய பொறிகளை ஒதுக்கிப் புதியன வாங்குவது என்று நிருவாகம் முடிவெடுக்கிறது. வீடூர் அணையில் நீர் நிரம்பியிருந்தும் தன் வயலுக்கு வரவில்லையென்றால், உழவர் அணையை உயர்த்தச் சொல்லி மனுக் கொடுப்பதில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மடையைப் பார்க்கச் செல்கிறார். நம் கூடங்களில் மடையைப் பார்ப்பவர் எவர்?

மடை என்று நாம் சொல்வது வலைப்பின்னல் அட்டையையும் அதன் இயக்கியையும். அட்டை என்பது வெறும் மின்னணுப் பொருள். கம்பியில் வரும் மின்துடிப்புகளை எண்களாக வாங்கி வைக்கும், எண்களை மின்துடிப்புகளாக்கிக் கம்பியில் விடும். கணிப்பொறியை ஆளும் இயங்குதளத்துக்கு அந்த அட்டையின் மொழி தெரியாது. ரியல்டெக் அட்டை ஒரு வகையாய்ப் பேசும். இன்டெல் அட்டை வேறு வகையாய்ப் பேசும். இடையில் நிற்கும் இயக்கிதான் இருவர் மொழியும் அறிந்தது. திண்டிவனத்தினின்று ஒரு மணி நேரப் பயணத்தில் உள்ள புதுச்சேரியில் பதினெட்டாம் நூற்றாண்டில் இத்தகைய பணியைச் செய்தவரைத் துபாஷி என்றனர். இரு மொழியாளர் என்பது பொருள். ஆளுநர் டூப்ளேயின் துபாஷியாய் விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு 1736 முதல் 1761 வரை நீள்கிறது. ஆளுநர் தமிழ் அறியார்; வணிகர் பிரெஞ்சு அறியார்; துபாஷி நோயுற்ற நாளில் இரு தரப்பும் ஊமையாகும். இயக்கி இல்லாத அட்டையின் நிலையும் அதுவே.

நம் சமுதாயத்தார்க்கு இன்னும் அணுக்கமான எடுத்துக்காட்டு அரபுத்தமிழ். மொழி தமிழ், எழுத்து அரபு. அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்குப் புள்ளிகளைக் கூட்டிப் புதிய எழுத்துகளை அமைத்துக்கொண்டனர் முன்னோர். அப்புள்ளியொன்று விடுபட்டாலும் சொல் வேறாகிவிடும். இயக்கியின் அமைப்புகளைக் கையாளும்போது வேண்டிய கவனமும் அத்தகையதே.

ஈதர்நெட் என்னும் முறையை 1973இல் அமெரிக்காவின் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் மெட்காஃபும் டேவிட் பாக்ஸும் உருவாக்கத் தொடங்கினர். நம் கல்லூரிகளுக்கு அது வந்து சேர்ந்தது தொண்ணூறுகளில் எனலாம். அக்காலத்தில் கூடம் நடத்திய ஆசிரியர்கள் கறுப்புநிறக் கோஆக்சியல் கம்பியை மறந்திருக்க மாட்டார்கள். ஒரே கம்பி பொறி பொறியாய்த் தொட்டுச் செல்லும்; 185 மீட்டருக்கு மேல் நீளலாகாது; இரு முனையிலும் 50 ஓம் தடையுள்ள மூடி செருகியிருக்க வேண்டும். யாரேனும் ஒருவர் காலில் பட்டு ஒரு மூடி கழன்றால் கூடம் முழுதும் செத்துவிடும். என்.இ.2000 வகை அட்டைகளில் குறுக்கீட்டு எண்ணையும் வாயில் முகவரியையும் சிறு செருகிகளை மாற்றி நாமே அமைக்க வேண்டும். ஒலி அட்டைக்கும் இதற்கும் ஒரே எண் அமைந்துவிட்டால் இரண்டும் முரண்டும். அத்தொல்லை அன்றைய மாணவருக்கு ஒரு நன்மையும் செய்தது. பொறியின் மூடியைத் திறந்து பார்க்காமல் வேலை நடக்காது என்னும் நிலை இருந்தது. இன்று எல்லாம் தானே அமைந்துவிடுகிறது. தானே அமையாத அன்றுதான் கைபிசைந்து நிற்கிறோம்.

யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களை நாம் வற்புறுத்துவதற்குக் காரணம், அவற்றில் இயக்கியின் உள்ளே பார்க்க முடியும் என்பதே. இந்தியாவில் கல்விநிலையங்களை இணைத்த எர்நெட் 1986இல் தொடங்கியது, சென்னை ஐ.ஐ.டி. அதன் தொடக்க உறுப்புகளுள் ஒன்று. அப்பின்னலின் முதுகெலும்பு யூனிக்ஸ் பொறிகளே. 1991இல் லினக்ஸ் வந்தது. அதற்கு ஈதர்நெட் அட்டைகளின் இயக்கிகளை மிகுதியாய் எழுதிக் குவித்தவர் நாசாவின் காடார்ட் மையத்தில் பணியாற்றிய டொனால்ட் பெக்கர். 1994இல் அவரும் தாமஸ் ஸ்டெர்லிங்கும் கடையில் கிடைக்கும் சாதாரணப் பொறிகள் பதினாறை ஈதர்நெட்டால் பிணைத்து பியோவுல்ஃப் என்னும் பெருங்கணிப்பொறியை அமைத்தனர். ஓர் அட்டையின் வேகம் போதாமையால் பொறிக்கு இரண்டு அட்டைகளைச் செருகி இரட்டித்தனர். இயக்கியின் மூலநிரல் கையில் இருந்ததால்தான் அது இயன்றது.

லினக்ஸ் பொறியின் முன் அமரும் மாணவர் முதலில் செய்ய வேண்டியது, எந்த அட்டை இருக்கிறது, எந்த இயக்கி அதனை ஆள்கிறது என்று கேட்பது. எல்.எஸ்.பி.சி.ஐ. என்னும் கட்டளை அதனைச் சொல்லும். டி-மெசேஜ் என்னும் கட்டளை பொறி விழித்தபோது இயக்கி என்ன முனகியது என்பதைக் காட்டும். இத்-டூல் என்னும் கருவி வேகம் எத்தனை, இருவழியா ஒருவழியா, எத்தனைப் பொட்டலங்கள் பழுதுற்றன, எத்தனை கைவிடப்பட்டன என்றெல்லாம் கணக்கு ஒப்புவிக்கும். பெயரிடும் முறையிலும் சுவை உண்டு. ஃப்ரீ பி.எஸ்.டி. என்னும் தளம் அட்டைக்கு அதன் இயக்கியின் பெயரையே இடுகிறது, குலப்பெயர் போல. லினக்ஸில் முன்பு வரிசை எண்ணால் இ.டி.எச்.0 என்றிருந்தது, 2013க்குப் பின் பெரும்பாலான வெளியீடுகளில் அட்டை செருகப்பட்டுள்ள இடத்தால் இ.என்.பி.3.எஸ்.0 என்பதுபோல் அமைகிறது. இது தெருவும் கதவிலக்கமும் போல.

பழுதுகளுள் நம் கருத்தில் முதலிடம் பெறத்தக்கது இருவழிப் பிணக்கு. செங்கற்பட்டிலிருந்து திண்டிவனம் வழியாக விழுப்புரம் வரையுள்ள 103 கிலோமீட்டர் இருப்புப்பாதை முன்பு ஒற்றைத் தடமாக இருந்ததைப் பெரியோர் அறிவர். எதிர்வண்டி கடக்கும்வரை நம் வண்டி ஏதேனும் ஒரு நிலையத்தில் காத்துக் கிடக்கும். இரட்டைத் தடமான பின் இரு திசையிலும் வண்டிகள் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. ஈதர்நெட்டிலும் இவ்விரு முறையும் உண்டு. முன்னதை ஹாஃப் டூப்ளெக்ஸ் என்றும் பின்னதை ஃபுல் டூப்ளெக்ஸ் என்றும் கூறுவர். (புதுச்சேரி ஆளுநரின் பெயருக்கும் இச்சொல்லுக்கும் ஒலியொப்புமையன்றி நாமறிந்த உறவேதும் இல்லை.) கம்பியின் இரு முனைகளும் தம்முள் பேசி எந்த முறை என்று உடன்படுவது வழக்கம். யாரோ ஒருவர் ஆர்வக்கோளாறால் சுவிட்சு முனையை மட்டும் 100 மெகாபிட், இருவழி என்று கட்டாயப்படுத்திவிட்டால், மறுமுனையிலுள்ள அட்டைக்கு விடை கிடைப்பதில்லை. வேகத்தை மட்டும் அது உணர்ந்துகொள்ளும். முறையை உணர முடியாமையால் விதிப்படி ஒருவழிக்கு இறங்கிவிடும். ஒரு நிலைய அதிகாரி இரட்டைத் தடம் என்றும் மற்றவர் ஒற்றைத் தடம் என்றும் நம்பி வண்டிகளை விடுவது போன்றது இது.

இதன் வஞ்சகம் யாதெனில், சிறு பொட்டலங்கள் ஒன்றிரண்டு தடையின்றிச் செல்லும். பிங் அடித்துப் பார்ப்பவர் எல்லாம் நலம் என்பார். பெரிய கோப்பை அனுப்பும்போதுதான் மோதல்கள் பெருகி வேகம் நத்தையாகும். ஒருவழி முனையில் காலந்தாழ்ந்த மோதல்கள் என்றும், இருவழி முனையில் சரிபார்ப்புப் பிழைகள் என்றும் கணக்கு ஏறிக்கொண்டிருக்கும். அக்கணக்கைப் படிக்கத் தெரிந்த மாணவர் பத்து நிமிடத்தில் நோயைச் சொல்லிவிடுவார். படிக்கத் தெரியாத நிருவாகம் இணையக் கட்டணத்தை இரட்டிப்பாக்கினாலும் அந்தப் பொறியில் ஒரு மாற்றமும் தெரியாது.

இரண்டாவது, பொட்டல அளவு. ஈதர்நெட்டில் ஒரு பொட்டலம் சுமக்கும் பொதி 1500 பைட். பி.எஸ்.என்.எல். 2005இல் தொடங்கிய அகலப்பட்டை இணைப்பு பி.பி.பி.ஓ.இ. என்னும் முறையைக் கையாள்கிறது. அதன் தலைப்புக்கு 8 பைட் போக 1492 மட்டுமே எஞ்சும். விழுப்புரம் சந்திப்பில் அகலப்பாதையும் மீட்டர் பாதையும் சந்தித்த ஆண்டுகளை நினைவுகூர்வோர்க்கு இது விளங்கும். ஒரு பாதையின் சரக்குப்பெட்டி மறுபாதையில் ஏறாது. இறக்கிப் பிரித்து ஏற்ற வேண்டும். பிரித்து அனுப்பு என்று இடையிலுள்ள பொறி திருப்பிச் சொல்லும் செய்தியை எவரேனும் பாதுகாப்பு என்ற பெயரில் தடுத்துவிட்டால், பெரிய பொட்டலம் போன இடம் தெரியாமல் மறையும். சில தளங்கள் திறக்கும், சில பாதியில் நின்றுவிடும். தேர்வு விண்ணப்பத்தின் கடைசி நாளில் பக்கம் பாதியில் நின்றால் மாணவர் படும் துயரைச் சொல்ல வேண்டியதில்லை. அட்டையின் அளவை 1492 என்று குறைப்பதோ, வாயிற்பொறியில் 1452 என்னும் எல்லையை விதிப்பதோ போதும். ஒரு வரி வேலை.

மூன்றாவது சற்று நுட்பமானது. அட்டைக்கு ஒவ்வொரு பொட்டலம் வரும்போதும் அது செயலியின் கதவைத் தட்ட வேண்டும். மிகச் சிறிய சட்டகங்களாக வந்தால் 100 மெகாபிட் கம்பியில் நொடிக்கு ஏறக்குறைய 1,48,800 வரை வரலாம்; கிகாபிட்டில் அதைப்போல் பத்து மடங்கு. அத்தனை முறையும் எழுந்துபோய்க் கதவைத் திறப்பவருக்கு வீட்டுவேலை எதுவும் நடக்காது. தட்டுதலுக்கு விடை சொல்வதிலேயே பொறி முடங்கிப் போகும் இந்நிலையை ஜெஃப்ரி மோகலும் கே.கே. ராமகிருஷ்ணனும் 1996இல் ஆராய்ந்து வெளியிட்டனர். லினக்ஸில் இதற்குத் தீர்வாக ஜமால் ஹாதி சலீம், ராபர்ட் ஓல்சன், அலெக்ஸி குஸ்நெட்சோவ் ஆகியோர் 2001இல் நாப்பி என்னும் முறையைக் கொணர்ந்தனர். முதல் தட்டலுக்கு எழுந்த பின், தட்டுவதை நிறுத்தச் சொல்லிவிட்டு, வந்தவற்றையெல்லாம் தொகுப்பாக உள்ளே அழைத்துக்கொள்வது அதன் சாரம்.

இதனுடன் சேர்த்து அட்டையே சிறிது பொறுத்துப் பல பொட்டலங்களுக்கு ஒருமுறை தட்டுமாறும் அமைக்கலாம். எவ்வளவு பொறுப்பது என்பதில்தான் திறம் இருக்கிறது. விழுப்புரம் பேருந்து நிலையத்தில் ஷேர் ஆட்டோவில் ஏறியவர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. ஆள் நிரம்பும்வரை நின்றால் ஓட்டுநருக்கு ஆதாயம், முதலில் ஏறியவருக்குத் தாமதம். ஒருவர் ஏறியதும் கிளம்பினால் அவருக்கு விரைவு, எரிபொருள் நட்டம். கோப்புகளை வழங்கும் பொறிக்குப் பொறுத்தல் நன்று. குரல்வழிப் பேச்சுக்கும் நேரலை வகுப்புக்கும் பொறுத்தல் தீது. பொட்டலங்களைத் தேக்கி வைக்கும் வளையத்தின் அளவும் இவ்வாறே. சிறிதானால் வெள்ளத்தில் பொட்டலங்கள் வழிந்து போகும். அனுப்பும் வரிசை மிகப் பெரிதானால் ஒன்றும் தொலையாது, ஆனால் எல்லாம் பின்தங்கி நிற்கும்.

ஆதலின் எல்லாப் பொறிக்கும் பொருந்தும் மந்திர எண் ஏதும் இல்லை. யாரோ எங்கோ ஒரு பெரிய நிறுவனத்தின் பொறிக்கு எழுதிய எண்களைப் பார்த்துப் படியெடுத்துத் தம் பொறியில் இடும் வழக்கம் மாணவரிடையே பெருகி வருகிறது. அளந்து பாராமல் மாற்றுவதை நாம் சீர்செய்தல் என்று ஏற்பதற்கில்லை. வீணையை மீட்டிக் கேட்காமலே முருக்காணியைத் திருகுபவரை இசைவாணர் என்று எவரும் சொல்வதில்லை. மேலும் ஒன்று: பழுது பெரும்பாலும் இயக்கியில் இருப்பதே இல்லை. எலி கடித்த கம்பி, பச்சை பூத்த செருகி, ஐப்பசி மின்னலில் பாதி வெந்துபோன சுவிட்சு வாயில் ஆகியவையே முதற் குற்றவாளிகள். அவற்றை விலக்கிய பின்னரே இயக்கியைத் தொட வேண்டும்.

இக்கல்விக்கு வாய்ப்புகள் வராமல் இல்லை. 2007ஆம் ஆண்டளவில் தமிழக அரசின் எல்காட் நிறுவனம், சி. உமாசங்கர் மேலாண்மை இயக்குநராய் இருந்த காலத்தில், தன் பொறிகளைச் சூசே லினக்ஸுக்கு மாற்றியது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணிப்பொறித் திட்டத்தில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் நிறுவப்பட்டு மாணவர் கைக்கு வந்தது; அது இந்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கியது. நாம் பார்த்த அளவில், அந்த இரண்டாவது தளத்தைத் திறந்து பார்த்த மாணவர் சிலரே. பொறியைக் கொடுத்தவர்கள் சொல்லித்தரும் ஆளையும் கொடுத்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கும். அக்குறையைத் தம்மால் இயன்ற அளவு நிரப்பி வருபவர் விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழுவினர். ஊரகப் பகுதி மாணவர்க்குக் கட்டற்ற மென்பொருளைத் தமிழிலேயே பயிற்றுவிக்கும் இவர்கள் பத்தாண்டுகளுக்கு மேலாக இயங்கி வருகிறார்கள். பெருநகரம் சென்றால்தான் இவற்றைக் கற்க இயலும் என்னும் எண்ணத்துக்கு விழுப்புரத்திலேயே மறுப்பு இருக்கிறது.

இனி எதிர்வாதம் ஒன்றைக் கருத வேண்டும். பொறி தானே எல்லாவற்றையும் அமைத்துக்கொள்ளும் இக்காலத்தில் இயக்கியின் குடலை ஆராய்வது வீண் என்பர் சிலர். இதில் உண்மை ஓரளவு உண்டு. இன்றைய இயல்பு அமைப்புகள் பத்துக்கு ஒன்பது இடங்களில் போதுமானவை என்றே நாமும் சொல்வோம். கிகாபிட் செப்புக் கம்பியில் தானியங்கி உடன்பாட்டை அணைப்பதே தவறு. ஆனால் நம் மாணவரை வேலைக்கு எடுப்போர் அந்தப் பத்தாவது இடத்துக்காகத்தான் எடுக்கின்றனர். எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும் நாளில் துபாயில் இருந்தாலும் தாம்பரத்தில் இருந்தாலும் பொறியாளரை எவரும் அழைப்பதில்லை. இன்னொரு தடையும் உண்டு. சில அட்டைகள், குறிப்பாகக் கம்பியில்லா வகையின, தமக்குள் ஏற்ற வேண்டிய மூடிய நிரலைக் கேட்கும்; அதன் உள்ளே எவரும் பார்க்க இயலாது. டெபியன் குழுவினர் 2022இல் வாக்கெடுத்து, அத்தகைய நிரல்களையும் நிறுவல் வட்டில் சேர்க்க முடிவு செய்தனர். கொள்கை சற்று வளைந்தது, மாணவர் வேலை எளிதாயிற்று. அம்முடிவை நாம் குறை கூறவில்லை; எனினும் கூடத்துக்கு அட்டை வாங்கும்போது திறந்த இயக்கி உள்ளதா என்று கேட்டு வாங்குவது நம் கையில்தான் இருக்கிறது.

தமிழ்த்துறைக்கு இதில் என்ன வேலை? கலைச்சொல் தொடங்கிக் கையேடு வரை வேலை உண்டு. இயக்கி என்னும் சொல்லையே பாருங்கள். திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் இடைப்பட்ட மேல்சித்தாமூர் தமிழ்ச் சமணரின் தலைமை மடம் அமைந்த ஊர். சமண மரபில் தீர்த்தங்கரர் ஒவ்வொருவர்க்கும் பணிசெய்து நிற்கும் தெய்வமகளுக்கு இயக்கி என்று பெயர். பக்கத்தில் நின்று பணிசெய்பவள் என்னும் அப்பழம்பொருள், இயக்குவது என்னும் புதுப்பொருளோடு எவ்வளவு பொருந்தி வருகிறது! இத்தகைய சொல்லைக் கண்டறிந்து வழங்கச் செய்வது கணிப்பொறித் துறையால் மட்டும் ஆகாது. பிழைச்செய்தி ஆங்கிலத்தில் வருகிறது. கிராமத்திலிருந்து வந்த மாணவர் அதனைப் படிக்காமலே விசையை அழுத்தி அகற்றிவிடுகிறார். மொழி புரியாமையால் கழிந்த அச்செய்தியில்தான் விடை இருந்தது. இருபது பக்கத்தில் ஒரு தமிழ்க் கையேடு, பத்துப் பிழைச்செய்திகளும் அவற்றின் பொருளும் கொண்டது, நம் இரு துறைகளும் சேர்ந்தால் ஒரு பருவத்தில் முடியும்.

சமுதாயப் பெரியோரிடம் நாம் வேண்டுவது பெருந்தொகையன்று. ஒதுக்கிவைத்த பழைய பொறிகள் இரண்டு, ஒரு சிறு சுவிட்சு, வெவ்வேறு நிறுவனத்து அட்டைகள் நான்கைந்து, கம்பிமுனை பொருத்தும் கிரிம்பிங் கருவி ஒன்று, இவற்றை வைக்க ஒரு மேசை. கல்லூரியின் பின்னலோடு அம்மேசை இணைக்கப்படாது. ஆதலின் மாணவர் எதைக் கெடுத்தாலும் அலுவலகத்துக்கு இடரில்லை. கெடுப்பதற்கென்றே ஒரு மேசை வேண்டும் என்பதை நிருவாகத்தார்க்கு ஏற்கச் செய்வது கடினம் என்பதை அறிவோம். தையற்பயிற்சிக்குக் கிழிந்த துணி கொடுக்கிறோம். கணிப்பொறிப் பயிற்சிக்கு மட்டும் தொடாதே என்று பலகை மாட்டுகிறோம். அம்மேசைமேல் கோடிட்ட பேரேடு ஒன்றும் இருக்கட்டும். மாற்றியவர் பெயர், நாள், மாற்றும் முன் அளந்த வேகம், மாற்றிய அமைப்பு, மாற்றிய பின் அளந்த வேகம் என ஐந்து கட்டங்கள். பின்னதில் முன்னேற்றம் இல்லையேல் பழையபடி மாற்றி, அதையும் அடுத்த வரியில் எழுத வேண்டும்.